போகா சிகாவில் ராக்கெட் நிற்கும் கூடங்கள்: பயணக் குறிப்புகள்

வியாழன், பிரௌன்ஸ்வில்

ஏவுதல் எதுவும் திட்டமிடப்படாத ஒரு வாரத்தைத் தேடிப் பிடித்துத்தான் இந்தப் பயணத்தை வைத்துக்கொண்டோம். ஏவுதல் நெருங்கினால், டெக்சாஸின் தென்கோடிக் கடற்கரையில் இருக்கும் போகா சிகாவுக்குச் செல்லும் நான்காம் எண் நெடுஞ்சாலையை அடைத்துவிடுவார்கள். கூட்டமெல்லாம் சவுத் பாட்ரே தீவில் குவிந்துவிடும். நான் பார்க்க விரும்பியது ராக்கெட் பறப்பதை அல்ல, அது நின்ற நிலையில் உருவாகும் கூடங்களை. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்பேஸ் தளத்தில் துணிக் கூடாரங்களில் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளுக்குள் நூறு மீட்டரைத் தொடும் கட்டடங்களுக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தக் கட்டடங்களைச் சாலையோரம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

உடன் வருபவர் என் மனைவியின் தம்பி. ஹூஸ்டனில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு எஃகுச் சட்டகம் வடிவமைக்கும் பொறியாளர். கட்டடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னவுடன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

ஹூஸ்டனிலிருந்து பிரௌன்ஸ்வில் ஏறக்குறைய ஆறு மணி நேரப் பயணம். கிங்ஸ்வில்லைத் தாண்டிய பிறகு மேய்ச்சல் நிலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. மாலையில் விடுதியில் பைகளைப் போட்டுவிட்டு, போர்ட் இசபெல் செல்லும் 48ஆம் எண் சாலையில் சிறிது தூரம் போய் வந்தோம். வழியில் பிரௌன்ஸ்வில் துறைமுகத்தின் கப்பல் உடைக்கும் முற்றங்கள் இருக்கின்றன. கிட்டி ஹாக் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2022இல் பிரித்தெடுக்கப்படுவதற்காக இங்கேதான் கொண்டுவரப்பட்டது. அந்தச் சாலையிலிருந்து தெற்கே, கால்வாய்க்கும் உப்புச் சதுப்புக்கும் அப்பால் பார்த்தபோது, அடிவானத்தில் சில செங்குத்தான பெட்டிகள் தெரிந்தன. குன்றோ உயர்ந்த மரமோ இல்லாத நிலம் என்பதால், அவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று கண்ணால் மதிப்பிட முடியவில்லை.

வெள்ளி, போகா சிகா

விடிந்ததும் கிளம்பினோம். ஊரின் கடைசி வீடுகளைக் கடந்ததும் நான்காம் எண் சாலை இருவழிப் பாதையாகச் சுருங்கி, யூக்கா செடிகளும் சேற்றுப் பரப்புகளும் களிமண் மேடுகளும் மாறி மாறி வரும் வெளிக்குள் நுழைகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசித் தரைச் சண்டை 1865 மே மாதம் இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. பால்மிட்டோ ராஞ்ச் என்ற பெயர்ப்பலகை சாலையோரம் நிற்கிறது. திரவ ஆக்சிஜனும் நைட்ரஜனும் சுமக்கும் டேங்கர் லாரிகள் எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டே இருந்ததால், நிறுத்தி வாசிக்க மனம் வரவில்லை.

பிறகு கட்டடங்கள் வந்தன. சாலையின் வடக்கே ஸ்டார்ஃபேக்டரி என்ற நீண்ட தொழிற்சாலை. பரப்பு சுமார் 10 லட்சம் சதுர அடி. அதற்குப் பின்னால் மெகா பே ஒன்று, மெகா பே இரண்டு என்ற இரட்டைக் கூடங்கள். ஒன்றாவது கூடம் சூப்பர் ஹெவி என்ற அடிநிலை பூஸ்டருக்கு. 2023இல் எழுந்த இரண்டாவது கூடம் அதன் மேல் அமரும் ஸ்டார்ஷிப் விண்கலத்துக்கு. பூஸ்டர் 71 மீட்டர் உயரம், விண்கலம் 50 மீட்டருக்குச் சற்று மேல், இரண்டுக்கும் விட்டம் 9 மீட்டர். படங்களில் இந்த அளவுகளைப் பலமுறை படித்திருக்கிறேன். ஆனாலும் திறந்திருந்த கதவுக்குள் ஒரு பூஸ்டர் நிற்பதையும், அதன் இடுப்பளவில் பளு தூக்கி மேடையில் இரண்டு பேர் மஞ்சள் தொப்பியுடன் ஏதோ குழாயைச் சரிபார்ப்பதையும் பார்த்தபோதுதான் அளவு உறைத்தது. அந்த இருவரின் தலைக்கு மேலே இன்னும் பத்து மாடி உயரத்துக்கு எஃகு உருளை போய்க்கொண்டிருந்தது.

இத்தளத்தின் வரலாற்றைக் கூரையின் வரலாறாகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். 2014 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது இங்கே ஏவுதளம் ஒன்றுதான் திட்டம், உற்பத்தி இல்லை. 2018இன் இறுதியில் ஸ்டார்ஹாப்பர் என்ற சோதனைக் கலத்தைத் திறந்தவெளியில், கடற்காற்றுக்கு நடுவே கட்டத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் வீசிய பலத்த காற்று அதன் மூக்குப் பகுதியைச் சாய்த்து நசுக்கிவிட்டது. மூக்கு இல்லாமலேயே அந்தக் கலம் அதே ஆண்டு ஆகஸ்டில் 150 மீட்டர் உயரம் எழும்பி இறங்கியது. அடுத்து வெட்டவெளியில் உருவான மார்க் 1 என்ற மாதிரி, 2019 நவம்பரில் அழுத்தச் சோதனையின்போது மேல்பக்கம் பிய்ந்து வெடித்தது. அதன் வெல்டிங் மேடும் பள்ளமுமாக இருந்ததை அந்நாளையப் படங்களில் இன்றும் காணலாம். நான்கு மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள எஃகுத் தகட்டை 9 மீட்டர் வளையமாக வளைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பற்றவைக்கும்போது, காற்றில் அது சிறிதே அசைந்தாலும் இணைப்பு விளிம்புகள் பொருந்தாது. பற்றவைப்பைச் சுற்றி நிற்க வேண்டிய பாதுகாப்பு வாயுவும் காற்றோடு போய்விடும். கூரை அங்கே வசதிக்காக வரவில்லை. அது இல்லாமல் நல்ல இணைப்பே கிடையாது என்பதால் வந்தது.

முதலில் கூடாரங்கள், பிறகு மிட் பே, 2020இல் எழும்பத் தொடங்கிய ஹை பே என்று வரிசையாக வந்தன. ஹை பே சுமார் 80 மீட்டர் உயரம். அன்றைக்கு அதுவே இந்தக் கரையில் பேருருவம். 71 மீட்டர் பூஸ்டரை உள்ளே முழுதாக நிறுத்தினால், மேலே கிரேனுக்கும் அதன் கொக்கிக்கும் மிஞ்சிய இடம் சொற்பம். ஒரு பூஸ்டரும் ஒரு விண்கலமும் உள்ளே இருந்துவிட்டால் அடுத்ததற்கு வாசலிலேயே காத்திருப்புதான். அந்த நெருக்கடியே இரண்டு மெகா பேக்களையும் எழுப்ப வைத்தது. பழைய கூடாரங்களும் மிட் பேயும் இப்போது இல்லை. கிகாபே என்ற அடுத்த கூடத்தின் வேலை தொடங்கிய பின்னர் ஹை பேயையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய கட்டடம் ஐந்தாறு ஆண்டுகளில் தன் வேலையை முடித்துக்கொண்டு போவதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அடுக்கும் முறையைச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் கூடத்தின் உயரம் அதிலிருந்துதான் பிறக்கிறது. கொத்தனார் சுவரைக் கீழிருந்து மேலாக எழுப்புவார். இங்கே முறை தலைகீழ். சுமார் 1.8 மீட்டர் உயரமுள்ள வளையங்களை மூன்று நான்காகச் சேர்த்து ஸ்டார்ஃபேக்டரியில் உருளைப் பகுதிகளாக்குகிறார்கள். உச்சிப் பகுதியை முதலில் கூடத்துக்குள் கொண்டுவந்து கிரேனில் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதன் கீழே அடுத்த உருளையைச் சுழல்மேடையில் நிறுத்தி, மேலே இருப்பதை அதன்மீது இறக்கி, மேடை மெல்லச் சுழலச் சுழல இணைப்பைப் பற்றவைக்கிறார்கள். பிறகு மொத்தத்தையும் தூக்கி, அதற்கடுத்த உருளையைக் கீழே கொண்டுவருகிறார்கள். இதனால் வெல்டிங் எப்போதும் தரைக்கு அருகிலேயே நடக்கிறது. கருவியும் ஆளும் உயரே ஏற வேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் விலை உயரம். கடைசி இணைப்பின்போது ஏறக்குறைய முழு ராக்கெட்டையும் கொக்கியில் தூக்க வேண்டும் என்பதால், கூரை ராக்கெட்டைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டும்.

நாங்கள் நின்ற இரண்டு மணி நேரத்தில், பல சக்கரங்கள் கொண்ட தாழ்வான இழுவை மேடை ஒன்று ஒரு உருளையைச் சுமந்துகொண்டு மனிதன் நடக்கும் வேகத்தில் மெகா பேயை நோக்கிப் போனது. நான்கு பேர் நான்கு மூலையிலும் நடந்தார்கள். ஒருவர் கையில் மட்டும் இயக்குகருவி. மற்ற மூவரின் கண்களும் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

சனி, மீண்டும் அதே சாலையில்

இன்று முழுக்க கிகாபேக்கு. டெக்சாஸ் மாநில உரிமத் துறையில் பதிவான விவரப்படி இதன் பரப்பு சுமார் 7 லட்சம் சதுர அடி, மதிப்பு 25 கோடி டாலர், முடிக்க வேண்டிய காலம் 2026 டிசம்பர். உயரம் 380 அடி, அதாவது சுமார் 116 மீட்டர். இதே வகைக் கட்டடம் ஒன்றை நிறுவனம் புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலும் எழுப்புகிறது. 2025 மார்ச்சில் அதற்கு அறிவித்த விவரங்களில், 24 வேலை நிலையங்கள், 400 அமெரிக்க டன் வரை தூக்கும் கிரேன்கள், 81 மீட்டர் வரை உயரமான கலங்களுக்கு இடம் என்பவை இருந்தன. இன்றைய விண்கலமும் பூஸ்டரும் அந்த அளவுக்கு வளரவில்லை. நாளைக்கு நீளப்போகும் ராக்கெட்டுக்கு இன்றைக்கே கூரை போடுகிறார்கள்.

சாலையிலிருந்து கட்டுமானக் களம் நன்றாகவே தெரிகிறது. கோபுரக் கிரேன்களும், கீழே செந்நிறப் பூச்சுடன் அடுக்கிக் கிடக்கும் உத்திரங்களும் தெரிந்தன. தூண் ஒன்றின் தலையில் இடுப்புக் கயிறு மாட்டிக்கொண்டு ஒரு தொழிலாளி காத்திருக்க, கிரேன் இறக்கிய உத்திரத்தின் துளைக்குள் அவர் முதலில் கூர்முனைக் கம்பியைச் செருகி வரிசைப்படுத்தினார். அதன் பிறகே போல்ட். இரண்டு போல்ட் ஏறியதும் கையசைத்தார், கொக்கி விலகியது. மைத்துனர் தொலைநோக்கியைக் கீழே இறக்கவே இல்லை.

"இவ்வளவு பாரத்தை இந்தச் சேறு தாங்குமா?" என்று கேட்டேன். ரியோ கிராண்டே ஆறு காலம் காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம் இது.

"மாமா, பாரம் இரண்டாவது கவலைதான். உள்ளே நிற்கப்போவது எரிபொருள் இல்லாத வெறும் கூடு. பூஸ்டரே 200 டன்னுக்கு மேலே இருக்கும், அவ்வளவுதான். காற்றை நினைத்துப் பாருங்கள். புயல் வரும் கரையில் 116 மீட்டர் உயரத்துக்குத் தட்டையான சுவர் வைக்கிறீர்கள். காற்றடிக்கும் பக்கத்தில் அடித்தளத்துக்காக மண்ணில் இறக்கிய பைல்களை மேலே பிடுங்கப் பார்க்கும், எதிர்ப்பக்கத்தை மண்ணுக்குள் அழுத்தும். அதனால்தான் பைல் ஆழமாகப் போக வேண்டும்."

"கதவு?"

"அதுதான் கஷ்டமான இடம். சாதாரணக் கட்டடத்தில் நான்கு சுவரிலும் குறுக்குச் சட்டம் போட்டுக் காற்றைத் தாங்கலாம். இங்கே ராக்கெட் நின்றபடியே வெளியே வர வேண்டும். அந்தச் சுவரில் கதவு உயரத்துக்குக் குறுக்குச் சட்டமே வைக்க முடியாது. மற்ற மூன்று பக்கமும் கூரையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும். கூரைக்குக் கீழே கிரேன் வேறு ஓடும். அதன் தண்டவாளம் இரண்டும் சில மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் தேயும். சட்டகத்தை வலுவாகக் கட்டினால் மட்டும் போதாது மாமா, அது ஆடவும் கூடாது."

மதிய உணவுக்கு பிரௌன்ஸ்வில் திரும்பி ஒரு டாக்கோ கடையில் அமர்ந்தோம். அடுத்த மேசையில் இருந்தவர் இந்தப் பகுதியில் எஃகு நிறுவும் வேலை செய்பவர். கட்டடங்களைப் பார்க்கத்தான் ஹூஸ்டனிலிருந்து வந்தோம் என்றதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இந்தக் கரையில் பிற்பகல் கடற்காற்று அநேகமாகத் தவறுவதில்லை. அகலமான உத்திரங்களை விடியற்காலையிலேயே ஏற்றிவிட வேண்டும். காற்று வரம்பைத் தாண்டினால் கிரேன் இயக்குநர் கொக்கியைக் காலியாக விட்டுவிடுவார், யார் சொன்னாலும் கேட்கமாட்டார் என்றார். அவர் பேசியதில் ஒரு பெருமிதம் இருந்தது. அதை நான் மதிக்கிறேன். ராக்கெட்டைப் பற்றி எழுதுபவர்கள் ஆயிரம் பேர். அது நிற்கும் கூடத்தின் தூண் தலையில் நின்றவரைப் பற்றி எழுதுபவர்கள் மிகக் குறைவு.

இவ்வளவு பெரிய கூடம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் இங்கிருந்து ஆண்டுக்கு 5 ஏவுதல்களை மட்டுமே அனுமதித்திருந்த நிலை மாறி, 2025 மே மாதம் 25 வரை அனுமதி கிடைத்தது. 2024 அக்டோபர் 13 அன்று பூஸ்டர் ஏவுதளக் கோபுரத்தின் கரங்களுக்குத் திரும்பி வந்ததிலிருந்து இன்னொரு தேவையும் சேர்ந்தது. திரும்பி வருபவற்றைச் சோதிக்கவும் பழுதுபார்க்கவும் இடம் வேண்டும். புதிதாகப் பிறப்பவையும் பறந்து வந்தவையும் ஒரே கூடத்தில் நிற்கும்போது, தொழிற்சாலையின் வேகத்தைத் தீர்மானிப்பது வளையம் வளைக்கும் எந்திரமல்ல. நிற்பதற்குக் காலியாக இருக்கும் நிலையங்கள்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே காரணம் வேலை செய்தது. இரண்டாவது ஏவுதளத்துக்கு ஏற்கெனவே ஓர் ஒருங்கிணைப்புக் கட்டடம் இருந்தும், 2019இல் இன்னொன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் ராக்கெட் தயாராகி வெளியே போவதற்குள் மற்றொன்றில் அடுத்ததை அடுக்கத் தொடங்கலாம்.

ஆண்டுக்கு 1000 விண்கலங்கள், நாளொன்றுக்கு மூன்று என்று எலான் மஸ்க் 2025 மே மாதம் இங்கே ஊழியர்களிடம் பேசியபோது குறிப்பிட்டார். புளோரிடாவுக்குச் சொன்ன 24 நிலையங்களை வைத்து இரவில் விடுதியில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கலம் ஒரு நிலையத்தில் ஒன்பது நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அதுவும் எல்லா நிலையங்களையும் புதிய விண்கலங்களுக்கே ஒதுக்கினால்தான். சுமார் 18,000 வெப்பத் தடுப்பு ஓடுகளைப் பொருத்த வேண்டிய ஒரு கலத்துக்கு இன்றைய முறையில் அது நடக்காத காரியம். கட்டடம் அந்த எண்ணுக்கு ஒரு முன்நிபந்தனை. அதற்குமேல் அதனால் உறுதியளிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஞாயிறு, கடற்கரை

ஏவுதளத்தைத் தாண்டினால் சாலை நேராக மணலில் போய் முடிகிறது. போகா சிகா கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரௌன்ஸ்வில் குடும்பங்கள் வண்டியை அலையோரம் வரை ஓட்டிவந்து, அடுப்பு மூட்டி, தூண்டில் போட்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் இடம். தெற்கே சில மைல் போனால் ரியோ கிராண்டே கடலில் கலக்கிறது; எதிர்க்கரை மெக்சிகோ.

திறந்த கடற்கரை என்பதை டெக்சாஸ் தன் அரசியல் சட்டத்திலேயே 2009இல் எழுதிவைத்த மாநிலம். ஆனால் ஏவுதலுக்காகக் கடற்கரையை மூடலாம் என்று 2013இல் தனிச் சட்டம் இயற்றியதும் அதே மாநிலம்தான். ஏவுதல் 25 ஆனால் மூடும் நாள்களும் கூடும். கூடத்திலிருந்து ராக்கெட்டை நின்ற நிலையில் ஏவுதளத்துக்குக் கொண்டுபோகும்போதும் இதே ஒற்றைச் சாலையைத்தான் அடைக்கிறார்கள். 2025 மே மாதம் 212க்கு 6 என்ற வாக்குகளில் ஸ்டார்பேஸ் தனி நகரமாகிவிட்டது. வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அந்த வாக்கில் பங்கில்லை. சுற்றியுள்ள சதுப்பு, குளிர்காலத்தில் உப்புக்கொத்திகள் இரைதேடும் வனவிலங்குப் புகலிடம். கூடங்களை எவ்வளவு வியந்தாலும், இந்தக் கணக்கை அதன் பக்கத்தில் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. உற்பத்திக்கு இடம் பார்க்கும்போது கடற்கரைக்கு ஒரு மாற்றுவழியை முதலிலேயே அமைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் அது செய்யக்கூடிய வேலைதான்.

பிற்பகலில் ஹூஸ்டனுக்குத் திரும்பினோம்.

திங்கள், ஹூஸ்டன்

வேலைக்குப் போவதற்கு முன்பு ஜான்சன் விண்வெளி மையத்தில், சந்திரனுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று மைத்துனர் சொன்னதால் போனோம். 111 மீட்டர் ராக்கெட் படுக்கை நிலையில் கிடக்கிறது. முன்பெல்லாம் எஞ்சின்களைப் பார்ப்பேன். இன்று இது எந்தக் கூடத்தில் நிமிர்ந்து நின்றிருக்கும் என்றே மனம் போனது.

கென்னடி மையத்தில் இதற்காக எழுப்பிய ஒருங்கிணைப்புக் கட்டடம் 160 மீட்டர் உயரம். 1966இல் முடிந்தது. 4,225 எஃகுக் குழாய்ப் பைல்களைச் சுண்ணாம்புப் பாறை வரை இறக்கி அதை நிறுத்தினார்கள். கதவுகள் 139 மீட்டர். உள்ளே நான்கு உயர் நிலையங்கள். ஒரே நேரத்தில் பல ராக்கெட்டுகள் அடுக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் மூன்றைச் சாட்டர்னுக்குத் தயார் செய்தார்கள். கடைசியில் 1967க்கும் 1973க்கும் இடையே பறந்தவை 13 மட்டுமே. சந்திரனுக்குத் திட்டமிட்டிருந்த கடைசிப் பயணங்கள் ரத்தாகின. அவற்றுக்கென்று செய்து முடித்த அடுக்குகளே என் முன்னால் கிடந்தன. காட்சிக்காகச் செய்த மாதிரி அல்ல இது. மூன்று அடுக்குகளும் பறப்பதற்கென்றே கட்டியவை.

"கூடத்தில் குறை இல்லை மாமா, சுமை இல்லாமல் போய்விட்டது" என்றார் மைத்துனர். கிகாபேயைப் பற்றி எனக்கு இருக்கும் கேள்வியும் அதுவே. அதன் நிலையங்களையெல்லாம் நிரப்பும் அளவுக்குச் செயற்கைக்கோள்களும் சந்திரப் பயணங்களும் தொடர்ந்து வருமா என்பதை எஃகும் கான்கிரீட்டும் முடிவு செய்யாது. கதவு மாட்டும் சமயத்தில் மறுபடியும் போகா சிகாவுக்குப் போவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம். குறுக்குச் சட்டம் இல்லாத அந்தச் சுவரை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பார்க்க வேண்டுமாம். உள்ளே எத்தனை நிலையங்களில் கலம் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் எனக்கு.